புஷ்பகத்துக்கு ஒரு வேண்டுதல்

தீக்குச்சியைக் கிழித்த பிறகுதான், தான் நிற்பது ஜவுளிக்கடையில் இல்லை என்று நாகபூஷணத்துக்கு ஞாபகம் வந்தது.

அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. விமானத்தின் இறக்கைக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்த ஒற்றை நூலில் பற்றிய நெருப்பு, நூலைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறி, இறக்கைத் துணியில் புஸ்ஸென்று சீறியது. வாட்ச்மேன் கன்னையா “ஒத்து சார், ஒத்து! வேணாம்!” என்று தெலுங்கிலும் தமிழிலும் அலறிக்கொண்டே தலைத்துண்டை அவிழ்த்து அடி அடியென்று அடித்தார். நெருப்பு அணைந்தபோது இறக்கையில் பூரி அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்திருந்தது.

“நைனா, இன்னா பண்ற நீ?” என்றான் மகன் கிஷோர்.

“கலப்படமான்னு பாத்தேன்டா. சுத்தப் பருத்தின்னா சாம்பலா உதிரும். பாலியஸ்டர் கலந்திருந்தா உருகி உருண்டையாவும்.”

“இது விமானம் நைனா.”

“துணியாத்தானே கீது?”

அதுவும் உண்மைதான். நாகபூஷணம் நகரியில் பவர்லூம் போட்டிருக்கிறவர். எந்தத் துணியைப் பார்த்தாலும் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தி மோந்து பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. பெண் பார்க்கப் போன இடத்திலேயே ருக்மணியின் புடவை முந்தானையில் நூல் உருவினார் என்று அவருடைய மாமனார் சாகும்வரை சொல்லிக் காட்டினார். அப்படிப்பட்டவர் முன்னால், ஏர்பேட்டில் ஒரு மாந்தோப்புக் கொட்டகையில், துணி போர்த்திய இறக்கையோடு ஒரு விமானத்தைக் காட்டினால் கை சும்மா இருக்குமா? உருவிய நூல் விறைத்துப்போய் அறுந்துவரவில்லை. சரி, தொங்கியபடியே இருக்கட்டும் என்று கொளுத்திவிட்டார்.

அந்தக் காலத்துச் சின்ன விமானங்களுக்கு இறக்கை துணிதான் என்பதும், துணி விறைப்பாக நிற்க அதன் மேல் ஒரு மருந்து பூசுவார்கள் என்பதும், அந்த மருந்து பெட்ரோலுக்கு அண்ணன் என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவன் கிஷோர். பைலட் லைசென்ஸ் வாங்கியவன். அவன் அந்த நேரம் பார்த்துக் கொட்டகை மூலையில் கிடந்த மாங்காய்க் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விமானத்துக்குச் சொந்தக்காரி தாட்சாயணி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவளுடைய கணவர் ரேணிகுண்டாவில் டாக்டராக இருந்தவர். ஆசைக்கு ஒரு விமானம் வாங்கி, ‘புஷ்பகம்’ என்று பெயர் வைத்து, தோப்பை ஒட்டிய புல்தரையில் ஓட்டி ஏற்றி இறக்கியவர். அவர் போன பிறகு புஷ்பகம் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. புராணத்துப் புஷ்பக விமானத்தில் எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்குமாம். இந்தப் புஷ்பகத்தில் இரண்டு பேர் ஏறினால், மூச்சுவிட ஒருவர் இறங்க வேண்டும்.

“அவரு இருந்தப்ப, பீடி புடிச்சவன இந்தக் கொட்டகை பக்கமே வுட மாட்டாரு,” என்றாள் தாட்சாயணி. கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தேவலாம் போலிருந்தது.

“மன்னிச்சிக்கங்கம்மா. துணி சமாச்சாரம் நம்ம கைவேலைதான். நானே ஒட்டு போட்டுத் தந்துடறேன்.”

“எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லீங்க. பழைய இரும்புக்காரன் கேட்டுக்கினேதான் கீறான். பறக்கறவங்க கையில குடுக்கணும்னுதான் வச்சிக்கினு இருக்கறேன்.” அவள் கிஷோரைப் பார்த்தாள். “தம்பிக்குப் புடிச்சிருக்குதா?”

கிஷோர் தலையை ஆட்டினான். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். நாகபூஷணம் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் புத்தூரில் பஸ் மாற வேண்டியிருந்தது. ஓட்டலில் நாகபூஷணத்துக்குக் காப்பிகூடத் தொண்டையில் இறங்கவில்லை. கிஷோர் மசால் தோசை சொன்னான். அதைத் துடைத்துவிட்டு இன்னொன்று சொன்னான். சிலருக்குத் துக்கத்தில் பசி எடுக்கும் என்று நாகபூஷணம் தன்னைத் தேற்றிக்கொண்டார். பிள்ளை வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு அவர் பார்த்தே மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

பாதித் தறிகளை விற்றுத்தான் அவனைப் பைலட் ஆக்கினார். ஆசை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. ரேணிகுண்டாவில் இறங்கப் போகிற விமானத்தை அண்ணாந்து பார்த்து, தறியில் நூலை அறுத்துவிட்டு, சின்ன வயதில் அப்பனிடம் அடி வாங்கியவர் நாகபூஷணம்தான். கிஷோர் லைசென்ஸோடு வந்த அன்று தெருவே கூடி மாலை போட்டது. அன்றிலிருந்து அவரைப் ‘பைலட் நைனா’ என்றே கூப்பிட்டார்கள். ஆனால் எந்தக் கம்பெனியும் கிஷோரைக் கூப்பிடவில்லை. ஓட்டாமலே இருந்தால் லைசென்ஸ் வீணாகிவிடும் என்று வேறு யாரோ சொல்லிவைத்தார்கள்.

கிஷோர் கட்டிலில் மல்லாந்து படுத்து ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தான். பேச்சு இல்லை, சோறு இல்லை. கூப்பிட்டால் திடுக்கிட்டு எழுந்து வேர்வையைத் துடைத்துக்கொள்வான். அவன் பார்ப்பது ஃபேனையா, அது மாட்டியிருக்கும் கொக்கியையா என்று ருக்மணிக்குப் பயம். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டு அவன் அறைத் தாழ்ப்பாளை மட்டும் கழற்றிவிட்டாள். கழற்றிய தாழ்ப்பாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றதை நாகபூஷணம் பார்த்தார். பார்க்காததுபோல நகர்ந்துவிட்டார்.

பறக்க முடியாத ஏக்கம்தான் பிள்ளையைத் தின்கிறது என்று அவர் முடிவு கட்டினார். கம்பெனிக்காரன் விமானம் தராவிட்டால் போகிறான், நாமே வாங்கிக் கொடுத்தால் என்ன? விசாரித்துக்கொண்டே போனதில் ஏர்பேட்டுப் புஷ்பகம் அகப்பட்டது. கிழட்டு விமானம் என்பதால், மிச்சத் தறிகளையும் தள்ளிவிட்டால் எட்டிப்பிடிக்கிற விலை. தறிகளுக்கு ஆளும் பார்த்துவைத்துவிட்டார்.

ஓட்டை விழுந்த கதையைக் கேட்ட ருக்மணி தலையில் அடித்துக்கொண்டாள்.

“கூரை ஏறி கோழி புடிக்க மாட்டாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம். மாடியில தண்ணி டேங்க் வழிஞ்சிகினு கீது. ஏறி அந்த வால்வ மூடுடான்னா மாட்டேன்றான் உங்க புள்ள.”

“ஆகாசத்தையே பாத்துட்டு வந்தவன். அவனுக்கு மொட்டமாடி ஒரு ஒசரமாம்மே?”

ருக்மணி தானே மாடியேறி வால்வை மூடிவிட்டு வந்தாள். லைசென்ஸ் வாங்கிய கையோடு திருமலைக்குப் போனபோதும், மலைப்பாதை பஸ்ஸில் ஏற மாட்டேன், அலிபிரியிலிருந்து படியேறித்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தவன் அவன். பிள்ளைக்கு எவ்வளவு பக்தி என்று அன்று அவளே பூரித்துப்போனாள்.

மறுநாள் அப்பனும் பிள்ளையும் நாராயணவனத்துக்குப் போனார்கள். கல்யாண வெங்கடேஸ்வரர் முன்னால் நாகபூஷணம் கைகூப்பினார். விமானம் நல்லபடியாகக் கைக்கு வந்துவிட்டால் தலைமுடியும் மீசையும் உனக்கே என்று வேண்டிக்கொண்டார். இது லேசான வேண்டுதல் இல்லை. அறுபதை நெருங்கியும் நரைக்காத சுருட்டை முடி அது. அவரிடம் ருக்மணி குறை சொல்லாத ஒரே சொத்து.

அவர் வேண்டி முடித்துத் திரும்பியபோது கிஷோர் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். உதடு துடித்தது. அர்ச்சகர் நகரச் சொல்லியும் நகரவில்லை. பிள்ளையும் அதையேதான் வேண்டுகிறான் என்று நாகபூஷணத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே குளத்தோரம் மொட்டை போடும் லோகேஸ்வரனிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார். லோகேஸ்வரன் பழைய சிநேகிதர். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வேண்டுதல் என்னவென்று கேட்காமல் யார் தலையிலும் தண்ணீர் தெளிக்க மாட்டார்.

“காரணம் தெரியாம வச்சா கத்திக்குப் பாவம்,” என்றார் லோகேஸ்வரன். “சொல்லு. உனக்கு இன்னா வேண்டுதல்?”

“விமானம் வாங்கறேன்பா.”

லோகேஸ்வரன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். லாரிக்கு வேண்டிக்கொண்டவர்கள் உண்டு, டிராக்டருக்கு உண்டு. “நடக்கட்டும்,” என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரமே நாகபூஷணம் ஒட்டு போடக் கிளம்பினார். வீட்டில் மிச்சமிருந்த கடைசி வெள்ளைக் காடாத் துண்டை எடுத்துக்கொண்டார். பாவு நூலுக்குப் போடும் அரிசிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சித் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டார்.

“அதுக்குன்னு தனித் துணி, தனி மருந்து கீது நைனா,” என்றான் கிஷோர்.

“அந்த மருந்தாலதானடா பத்திக்கிச்சு? கஞ்சி பத்திக்குமா?”

கேள்வியில் நியாயம் இருந்ததால் கிஷோர் விட்டுவிட்டான். ஒட்டும் நன்றாகவே விழுந்தது. தட்டிப் பார்த்தால் தமுக்குப் போலச் சத்தம் வந்தது. “வேல தெரிஞ்ச கை!” என்று கன்னையா மெச்சினார். கஞ்சி காயட்டும் என்று கொட்டகைக் கதவைத் திறந்துவைத்துவிட்டு எல்லாரும் புறப்பட்டார்கள்.

மறுநாள் காலையில் போன் வந்தது.

“சார், நான் கன்னையா பேசறேன். ஆவு வந்து விமானத்தத் துன்னுகினு கீது சார்.”

“எது வந்து?”

“ஆவு சார், ஆவு! பசுமாடு!”

நாகபூஷணம் பஸ்ஸைப் பிடித்து ஏர்பேடு போய்ச் சேர்வதற்குள் பசு விருந்தை முடித்துக்கொண்டு அசைபோட்டுக்கொண்டிருந்தது. கஞ்சி போட்ட ஒட்டை மட்டும் தின்றிருந்தால் போகட்டும் என்று விடலாம். ஒட்டின் ருசி எங்கே முடிந்தது, இறக்கை எங்கே தொடங்கியது என்று அதற்குத் தெரியவில்லை. இழுத்த இழுப்பில் துணி இறக்கையின் நுனிவரை கிழிந்து, உள்ளே இருந்த மரச்சட்டங்கள் பட்டினிக்காரன் விலா எலும்பு மாதிரி தெரிந்தன. மருந்து பூசிய பகுதியை ஒரு வாய் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பியிருந்தது. மாட்டுக்கு இருந்த புத்தி நமக்கு இல்லையே என்று நாகபூஷணம் முதல்முறையாக நினைத்தார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, அன்றைக்கே தாட்சாயணி இன்னொரு சேதியும் சொன்னாள். விமானத்தைச் சோதித்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிற என்ஜினியர் சென்னையிலிருந்து வரப்போகிறார். அதுவும் இந்த வெள்ளிக்கிழமையே.

“அவரு பாத்து வேணாம்னுட்டா நான் இரும்புக்காரனத்தான் கூப்புடணும்,” என்றாள் அவள்.

எலும்போடு நிற்கிற இறக்கையை என்ஜினியர் கண்ணில் காட்டலாமா? நாகபூஷணம் நகரிக்கு ஓடினார். வெள்ளைத் துணி ஒரு கஜம்கூட மிச்சமில்லை. ஓடுகிற தறி அத்தனையிலும் லுங்கி ஆர்டர். வேறு வழியில்லாமல் கட்டம் போட்ட லுங்கித் துணியை ஒரு உருளையாகச் சுற்றி எடுத்துவந்தார். ருக்மணி கூடவே வந்து, திட்டிக்கொண்டே கோணி ஊசியால் தைத்தாள். கிஷோர் ஏணியைப் பிடித்துக்கொண்டான். ஏணியில் ஏறியவர் நாகபூஷணம்.

வெள்ளிக்கிழமை வந்த என்ஜினியர் தனசேகர் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு பக்கம் மங்கிய வெள்ளை இறக்கை, மறு பக்கம் பச்சையும் நீலமும் கட்டம் போட்ட இறக்கை.

“இது பறக்கறதுக்கா, காயப் போட்டிருக்கீங்களா?” என்று கேட்டார்.

நூல் உருவியது, கொளுத்தியது, மாடு வந்தது எல்லாவற்றையும் கன்னையாவே ஒன்று விடாமல் ஒப்பித்தார். தனசேகர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பேனாக்கத்தியால் லுங்கியைக் கிழித்து எறிந்தார். மரச்சட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். என்ஜினைத் திறந்து பார்த்தார். அவர் பார்த்த நேரமெல்லாம் நாகபூஷணத்தின் உதடு கோவிந்தா கோவிந்தா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

“பெரியவரே, உங்களுக்கு நல்ல நேரம்,” என்றார் தனசேகர் கடைசியில். “பழைய துணியை எப்படியும் உரிச்சுத்தான் ஆகணும். உங்க மாடு பாதி வேலையை முடிச்சிருச்சு. மரம் நல்லா இருக்கு, என்ஜினும் கெடலை. முறையான துணி போட்டு நானே தயார் பண்ணித் தரேன். பையன் தாராளமா பறக்கலாம்.”

நாகபூஷணம் அவர் காலில் விழப் போனார். தாட்சாயணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொட்டகைக்குப் பின்னால் யாரோ ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், மாமரத்தைக் கட்டிக்கொண்டு கிஷோர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

“சந்தோஷம் தாங்கல புள்ளைக்கு,” என்றார் நாகபூஷணம்.

ருக்மணி மகனின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவன் மறுபடியும் சோற்றை நிறுத்திவிட்டான். பறக்கப்போகிற நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று தெருவில் எல்லாரிடமும் நாகபூஷணம் சொன்னார். சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து பிள்ளையைப் பார்த்தால் அவருக்கே சந்தேகம் வந்தது. நல்லது நடக்கப்போகிற வீட்டில் பிள்ளையின் கன்னம் இப்படியா ஒட்டிப்போகும்?

ஆயுதபூஜை அன்று விமானத்தை ஒப்படைப்பது என்று ஏற்பாடு. தனசேகர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். புது வெள்ளைத் துணியில் புஷ்பகம் கல்யாணப் பெண்ணாக நின்றது. விற்பனைக் கையெழுத்து மத்தியானம். அதற்கு முன்னால் ஒரு பூஜை போட்டுவிட வேண்டும் என்றார் நாகபூஷணம்.

“கற்பூரம், ஊதுவத்தி எதுவும் கூடாது,” என்றாள் தாட்சாயணி. “தீப்பெட்டிய இப்பவே எங்கிட்ட குடுத்துடுங்க.”

கொடுத்துவிட்டார். புத்தி வந்தவர்தான். கற்பூரம் இல்லாமலே சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் ஆயிற்று. பூசணிக்காயைக்கூட எட்டப் போய்த் தோப்பு வாசலில் உடைத்தார். மிச்சம் எலுமிச்சம்பழம். சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து, வண்டி அதை நசுக்கிக்கொண்டு ஓரடி உருண்டால்தான் திருஷ்டி கழியும். சைக்கிளுக்கே அதுதான் முறை என்றால் விமானத்துக்கு வேண்டாமா?

“பைலட்டு ஒக்காரட்டும்,” என்றாள் ருக்மணி.

“மொத மொத பெரியவங்கதான் ஒக்காரணும்மா,” என்றான் கிஷோர் அவசரமாக. “நைனா, நீ ஏறு. நான் கீழ இருந்து தள்றேன்.”

இப்படி ஒரு பிள்ளை எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று நாகபூஷணம் பெருமைப்பட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, படியைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

“கல்ல எடுடா!” என்று குரல் கொடுத்தார்.

சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைக் கிஷோர் எடுத்தான். அவனும் கன்னையாவும் தள்ளினார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. ருக்மணி கைதட்டினாள். புஷ்பகம் ஓரடி உருண்டது, இரண்டடி உருண்டது, பிறகு நிற்க மறந்துவிட்டது.

கொட்டகை வாசலிலிருந்து தோப்பின் கோடியில் இருந்த குளம்வரை தரை சரிவு. லேசான சரிவுதான். நடக்கிறவர்களுக்குத் தெரியாது, சக்கரத்துக்குத் தெரிந்துவிட்டது.

“நைனா, பிரேக்கு!” என்று கத்திக்கொண்டே கிஷோர் பின்னால் ஓடினான். “கால்ல கீது, கால்ல! மிதி!”

நாகபூஷணத்தின் காலுக்கு இரண்டு மிதிகள் தட்டுப்பட்டன. பவர்லூம் வருவதற்கு முன்னால் கைத்தறியில் உட்கார்ந்த கால்கள் அவை. இரண்டு மிதியைக் கண்டால் அந்தக் கால்களுக்கு ஒன்றுதான் தெரியும். இடது, வலது, இடது, வலது என்று மாற்றி மாற்றி மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் விமானம் ஒரு பக்கம் திரும்பியது. முட்டி நின்றிருக்கக்கூடிய ஒவ்வொரு மாமரத்தையும் பாம்பு போல வளைந்து வளைந்து தவிர்த்துவிட்டு, சாமந்தி மாலை பறக்க, அது குளக்கரை மேட்டில் ஏறியது.

மேட்டின் உச்சியில் சக்கரம் தரையை விட்டது.

கண் சிமிட்டும் நேரம்தான். ஆனால் அது பறந்தது, நாகபூஷணமும் பறந்தார். சின்ன வயதிலிருந்து அண்ணாந்து பார்த்த ஆசை அந்த நேரத்தில் நிறைவேறியது. நிறைவேறியபோது அவருக்கு ஈரக்குலை நடுங்கி, அம்மா என்று கத்தக்கூட வாய் வரவில்லை. காலடியில் தரை இல்லாமல் போனால் இப்படியா இருக்கும்? இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்து முகத்தில் அறைந்தது.

முதலில் குளத்தில் குதித்தவன் கிஷோர். மார்பளவு சேற்றுத் தண்ணீரில் அப்பனைக் கட்டிப்பிடித்து இழுத்துக் கரையில் போட்டான். போட்டுவிட்டு, “நைனா, நைனா” என்று தேம்பித் தேம்பி அழுதான். விமானத்துக்காக அழுகிறான் என்று நினைத்து நாகபூஷணமும் அழுதார். குளத்தில் ஒரு இறக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மற்றது முறிந்து மிதந்தது. என்ஜின் சேற்றுக்குள் போய்விட்டது.

தாட்சாயணியும் கரைக்கு வந்து சேர்ந்தாள்.

“அம்மா, எப்படியாச்சும் ஈடு கட்டிடறேன்…” என்று நாகபூஷணம் ஆரம்பித்தார்.

“கையெழுத்து ஆகலீங்க. என் விமானம், என் குளம்,” என்றாள் அவள். “அவரும் ஒரு தரம் இந்தக் குளத்துலதான் வுட்டாரு. வூட்டுக்குப் போங்க, ஈரத்தோட நிக்காதீங்க.”

அவள் திட்டியிருந்தால் நாகபூஷணம் தூங்கியிருப்பார். இப்போது கூடத்தில் படுத்து ஃபேனைப் பார்ப்பது அவர் முறையாயிற்று. பாதித் தறி போயும் பிள்ளைக்கு வேலை இல்லை. மிச்சம் இருந்த ஒரே நம்பிக்கையையும் தன் காலாலேயே மிதித்துக் குளத்தில் தள்ளியாயிற்று. தன்னைப்போல ஒரு சனியன் எந்தப் பிள்ளைக்கும் அப்பனாக வாய்க்கக் கூடாது என்று நினைத்தார். நினைத்ததோடு நில்லாமல் ருக்மணியிடம் சொல்லவும் செய்தார். அவள் மறுத்துப் பேசவில்லை.

மறுநாள் விடிந்ததும் ருக்மணிதான் பார்த்தாள். கிஷோரின் கட்டில் காலி. செல்போன் தலையணை மேல் கிடந்தது. செருப்பு இல்லை.

“ஏங்க!” என்ற ஒரே சத்தம்தான். நாகபூஷணம் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார். பஸ் ஸ்டாண்டில் பார்த்தார். ரயில்பாதைப் பக்கம் போக அவருக்குக் கால் வரவில்லை, ஆனாலும் போனார். தண்டவாளம் காலியாக வெயிலில் கிடந்தது. அங்கேயே குந்திவிட்டார். அப்போதுதான் போன் அடித்தது.

“லோகேஸ்வரன் பேசறேன். உம் புள்ள இங்கதான் கீறாரு. வா.”

“உசுரோட கீறானா?”

“இன்னா கேள்விய்யா இது? வா சீக்கிரம்.”

நாராயணவனம் வந்து சேர்கிறவரை பஸ்ஸில் நாகபூஷணம் உட்காரவில்லை. நின்றுகொண்டே வந்தால் சீக்கிரம் போய்விடலாம் என்று ஒரு எண்ணம். கோயில் குளத்தோரம் லோகேஸ்வரன் சவரக் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் படியில் ஒரு மொட்டைத் தலை, சந்தனம் பூசி, தொன்னையில் புளியோதரையை வழித்துத் தின்றுகொண்டிருந்தது. திரும்பியபோதுதான் அது கிஷோர் என்று தெரிந்தது.

நாகபூஷணம் படியில் தடதடவென்று இறங்கி ஓடினார்.

“டேய், நான் உசுரோடதானடா கீறேன்! எதுக்குடா மொட்ட? சாமியாரா போயிடலாம்னு பாத்தியா?”

கிஷோர் தொன்னையைக் கீழே வைத்தான். “நைனா, அது வந்து… நானே வந்து சொல்லணும்னுதான்…” என்று இழுத்தான்.

“நீ ஒண்ணும் சொல்ல வாணாம்டா. எல்லாம் என்னால வந்தது. நான் நூல உருவினேன், நான் கஞ்சி போட்டேன், நான்தான் மிதிச்சேன்.” அவர் பிள்ளையின் மொட்டைத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். “இந்த விமானம் போனா போவுது. கெடக்கற தறி எல்லாத்தையும் வித்துட்டு, இத வுட நல்லதா இன்னொண்ணு வாங்கித் தரேன்டா. இந்த மாசத்துலயே வாங்கிடலாம். சாமி சத்தியமா!”

கிஷோரின் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் வடிந்துபோயிற்று. அவன் லோகேஸ்வரனைப் பார்த்தான்.

லோகேஸ்வரன் கத்தியைத் துண்டில் துடைத்து மடக்கினார்.

“யோவ் நாகபூஷணம், கொஞ்சம் பொறுத்து வாங்குய்யா! ‘மேல ஏறினா ஈரக்கொலையே நடுங்குது, அந்த விமானம் எங்க நைனா கைக்கு வராம போவணும் சாமி’ன்னு அன்னைக்கு உம் பக்கத்துலயே நின்னு வேண்டிக்கினு குடுத்த முடிய்யா இது, இன்னொண்ணு வாங்கறதுன்னா, புள்ளைக்கு மறுபடியும் முடி மொளைக்க வாணாவா?”